சத்தம் போடும் கடன், சத்தமில்லாக் கடன்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனியில் வாரக் கூலி கைக்கு வந்த அந்த மாலையில், லைன் வீட்டு வாசல்களில் யார் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்தால் அந்தக் குடும்பத்தின் கடன் கணக்கு பாதி விளங்கிவிடும். தண்டல்காரர் பைக்கை விட்டு இறங்கமாட்டார். ஒரு ஹாரன் போதும். குழுக் கடன் லீடர் "திங்கக்கிழமை சென்டர் மீட்டிங், டியூவ எடுத்து வெச்சிருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார். மூணு வட்டிக்குக் கொடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார், பணத்தைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார். அவர் வந்து உட்கார்ந்திருப்பதை அக்கம்பக்கம் பார்த்தாலே போதும். இவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகு மிச்சம் இருப்பதுதான் அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும்.

வாசலுக்கு வராத கடன்களும் அந்த வீட்டில் உண்டு. வங்கி அடகில் கிடக்கும் நகை, மச்சானிடம் வாங்கிய கைமாற்று, பைக்குக்கு வாங்கிய ஃபைனான்ஸ். இவை பேசுவதில்லை. பேசாததால் கடைசியில் நிற்கின்றன. ஒருநாள் ஏல நோட்டீஸ் தபாலில் வருகிறது. "நகை முழுகிப்போச்சு" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பணமே இல்லாத வீடு அல்ல. பணம் வேறு வாசலுக்குப் போய்விட்ட வீடு.

குறைந்த வருமானமும் பெரிய கடனும் உள்ள வீடுகளுக்கு எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை செலவைக் குறை என்பது. அந்த வீடுகளில் குறைக்கச் செலவு ஏது? எத்தனையோ வீடுகளில் சிக்கல் இருப்பது வேறு இடத்தில்: எந்தக் கடனுக்கு முதலில் பணம் போகிறது என்கிற வரிசையில். அந்த வரிசையை வட்டி விகிதம் தீர்மானிப்பதில்லை. கட்டாவிட்டால் எதை இழப்போம் என்பதும் தீர்மானிப்பதில்லை. மானம்தான் தீர்மானிக்கிறது. யார் சத்தம் போட்டால் தெரு திரும்பிப் பார்க்குமோ, அவருக்கு முதல் பணம்.

ஒரு வீட்டுக் கணக்கு

விளங்கிக்கொள்வதற்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். கணவர் டெய்லர், வாரம் 4,250 ரூபாய். மனைவி செக்கிங் வேலை, வாரம் 2,750. நான்கு சனிக்கிழமைக்கு 28,000. மகளிர் உரிமைத் தொகை 1,000 சேர்த்தால் மாதம் 29,000. வாடகையும் கரண்ட் பில்லும் 5,500. ரேஷன் அரிசி போக மளிகை, பால், காய்கறி, கேஸ் 9,000. இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு 2,500. மருந்து, போன், பெட்ரோல் 2,000. ஆக 19,000. கடனுக்கென்று கையில் நிற்பது 10,000 ரூபாய்.

கடன்கள்: புரோநோட்டில் மூணு வட்டிக்கு ஒரு லட்சம், மாதம் வட்டி மட்டும் 3,000. இரண்டு குழுக் கடனில் பாக்கி 70,000. டியூ மாதம் 5,000. தினத் தண்டல் ஒன்று, நாளொன்றுக்கு 200 வீதம் மாதம் 6,000. இன்னும் 60 நாள் பாக்கி. பைக் தவணை 2,600, இன்னும் 14 மாதம். வங்கியில் 4 பவுன் மேல் 1,60,000. வட்டி மாதாமாதம் கேட்கமாட்டார்கள், ஆண்டு முடிவில் சுமார் 15,000 சேர்ந்திருக்கும். மச்சானிடம் கைமாற்று 60,000, வட்டி இல்லை.

மொத்தம் நான்கே கால் லட்சத்துக்கு மேல். இந்தத் தொகையைச் சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். ஆனால் இந்த வீட்டை அழுத்துவது மொத்தத் தொகை அல்ல. மாதம் போகவேண்டியது 16,600, இருப்பது 10,000. அந்த 6,600 பள்ளம்தான். பள்ளத்தை நிரப்ப ஒவ்வொரு மூன்று மாதமும் புதுத் தண்டல் எடுக்கிறார்கள். தண்டலைக் கட்ட குழுக் கடன், குழுவைக் கட்ட வளையல். கடன் வாங்கிக் கடன் கட்டுவது தொடங்கிவிட்டால், வீட்டுச் செலவில் 500 ரூபாய் மிச்சப்படுத்துவது அந்தப் பள்ளத்தில் ஒரு கைப்பிடி மண் போட்டதுபோல.

வட்டி எவ்வளவு என்று நமக்குத் தெரியுமா?

நம் ஊரில் வட்டியைச் சொல்லும் முறையே கணக்கை மறைக்கிறது. "மூணு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 விழுக்காடு. "அஞ்சு வட்டி" 60. "பத்து வட்டி" 120. மூணு வட்டி ஒரு லட்சத்துக்கு மூன்று ஆண்டில் 1,08,000 வட்டி கட்டி முடித்திருப்போம். அசல் அப்படியே ஒரு லட்சமாக நிற்கும்.

தண்டல் இன்னும் நுட்பமானது. 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் கையில் 9,000 தருவார்கள், 1,000 முன்பிடித்தம். நாளுக்கு 100 வீதம் 100 நாள். "ஆயிரம் ரூபாதானே, பத்து பர்சென்ட்தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம். அந்த 9,000 முழுசாக நம் கையில் இருப்பது ஒரே நாள்தான். அப்படிக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கையில் 8,500 மட்டும் கொடுத்தால் சுமார் 120. தண்டல் எடுத்துக் கடை வைத்து லாபம் பார்க்கிற காய்கறி வியாபாரிக்கு ஒருவேளை இது கட்டுப்படியாகலாம். காலையில் வாங்கி மாலையில் விற்கிறவர் அவர். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு எந்தக் கணக்கிலும் கட்டாது.

நிறுவனங்களும் இதே வேலையை நாகரிகமாகச் செய்வதுண்டு. "12 பர்சென்ட் ஃபிளாட் ரேட்" என்றால், குறைந்துகொண்டே வரும் அசலுக்குப் பதில் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி. ஒரு லட்சம், இரண்டு ஆண்டு என்றால் தவணை 5,167 ரூபாய். உண்மையான ஆண்டு வட்டி 21 விழுக்காட்டுக்கும் மேல். இதனால்தான் 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து புதிய சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்பதை ஒரு விவரத் தாளில் எழுதித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நமக்குப் புரியும் மொழியில் அது இருக்கவேண்டும். கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிப்பவர் குறைவு.

கிரெடிட் கார்டு இருக்கிற வீடுகளுக்கும் ஒரு கணக்கு. ஒரு லட்சம் பாக்கி, மாத வட்டி 3.5 விழுக்காடு என்று கொள்வோம். வட்டி 3,500, அதன்மேல் ஜிஎஸ்டி 630. "மினிமம் டியூ" என்று 5,000 கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய். பில்லில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்த உண்மை தெரியாமல், ஒழுங்காகக் கட்டிவருகிறோம் என்று நம்பிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் கட்டும் சம்பளக்காரர்கள் எத்தனையோ பேர். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கார்டுக்கு வட்டி வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே வெளியிலிருந்து உச்சவரம்பு வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

அரிசி டின்னில் அடகுச் சீட்டு

என் அம்மா அடகுச் சீட்டுகளை அரிசி டின்னின் அடியில் வைத்திருந்தார். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று. அப்பா வாங்கியிருந்த வட்டிக் கடன் அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு பேருமே மற்றவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஒரே பள்ளத்தை இரண்டு பக்கமிருந்தும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உண்மை வெளியே வந்தபோது ஒரு நகை ஏலம் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், முதல் வேலை கால்குலேட்டரில் தொடங்குவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் விளையாடப் போயிருக்கும் நேரத்தில், இருவரும் எல்லாச் சீட்டுகளையும் தரையில் பரப்பவேண்டும். "எதுக்குடி வாங்கின" என்ற கேள்வி அன்று வேண்டாம். யாருக்கு, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, என்ன அடமானம், யார் ஜாமீன், கடைசித் தேதி எது. பழைய டைரி ஒன்று போதும்.

செலவுப் பக்கத்தில் எல்லோரும் எழுத மறக்கும் ஒன்று செய்முறை. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று போகும் மொய். நமக்கு வந்த மொய் நோட்டில் இருக்கிறது. திருப்பிச் செய்யாவிட்டால் முகத்தில் விழிக்கமுடியாது. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து வைத்து லட்சக்கணக்கில் திரட்டுவது எல்லோரும் அறிந்தது. வட்டியில்லாத ஊர்க் கடன் அது, அந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் கடன் கடன்தான். அதையும் டைரியில் ஏற்றவேண்டும்.

வரவுப் பக்கத்திலும் மறக்கும் ஒன்று உண்டு. வாரச் சம்பளக்காரருக்கு ஆண்டில் 52 சனிக்கிழமை. மாதம் நான்கு என்று கணக்குப் போட்டால் 48 போக நான்கு மிஞ்சும். ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் நம் கற்பனை வீட்டுக்கு 7,000 கூடுதலாக வருகிறது. அந்த வாரச் சாப்பாட்டுக்கு 2,000 போனாலும் 5,000 நிற்கும். ஆண்டுக்கு 20,000. எங்கே போனதென்று தெரியாமல் போகும் பணம் இது. தீபாவளி போனஸும் அப்படித்தான். இந்த இரண்டையும் அசலுக்கு மட்டுமே என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட வீட்டில் கடன் அசைய ஆரம்பிக்கும்.

வரிசையை மாற்றுவது

முதலில் அரிசி, வாடகை, மருந்து, பள்ளிக்கூடம். இவை கடனுக்கு முந்தியவை என்பதில் தயக்கமே கூடாது. வாடகையைத் தண்டலுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கும் குடும்பம் அடுத்த மாதம் அட்வான்ஸுக்குக் கடன் வாங்கும்.

அடுத்தது, கட்டாவிட்டால் பிழைப்பே போகும் கடன். கணவர் வேலைக்குப் போவது அந்த பைக்கில் என்றால் பைக் தவணை இங்கே வரும். நகையின் ஏலத் தேதியும் இங்கேதான். அதற்குப் பிறகுதான் வட்டி அதிகமான கடனிலிருந்து ஒவ்வொன்றாக.

குழுக் கடனைப் பற்றி மட்டும் வேறு மாதிரி சொல்லவேண்டும். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் வேறு. அங்கே பெண்கள் சேர்த்த சொந்தச் சேமிப்பு அடித்தளம். இன்று பேச்சில் "குழு லோன்" என்பது பெரும்பாலும் நுண்நிதி நிறுவனம் கொடுக்கும் கூட்டுப் பொறுப்புக் கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்குபோட்டுக் கட்டும்படி ஆகிறது. எனவே அங்கே கேட்கும் சத்தம் வெறும் சத்தமல்ல, பக்கத்து வீட்டு அக்காவின் அரிசிக் காசு. அதற்கு முன்னுரிமை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டுக்கு மூன்று லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கான இந்தக் கடன்களுக்கு அடமானம் கேட்கக்கூடாது. முன்கூட்டி முடித்தால் அபராதம் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டுமானால் புதிதாகக் கொடுக்கவே கூடாது. நம் வீட்டில் 29,000-க்குப் பாதி 14,500. கட்டுவதோ 16,600. மூணு வட்டியும் தண்டலும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் மூன்றாவது குழுக் கடனைத் தரவும் ஆள் வருவார். வேண்டாம் என்று சொல்லவேண்டியது நாம்தான்.

நகையை விற்பது

இங்கேதான் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது. அடகில் கிடக்கும் நகையை மீட்பதற்காக ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டும் வீடுகள், அதை விற்றுவிடுவதைப் பற்றி ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். அடகு வைப்பதில் மானம் போவதில்லை, விற்பதில் போகிறது என்ற நினைப்பு நமக்கு நிறையச் செலவு வைக்கிறது.

பவுன் 80,000 என்று வைத்துக்கொள்வோம். 4 பவுன் 3,20,000. வங்கிக்கு அசலும் வட்டியும் 1,75,000. மிச்சம் 1,45,000, கடையில் கழிவாக 10,000 போகட்டும். கையில் 1,35,000. தண்டல் பாக்கி 12,000, மூணு வட்டி ஒரு லட்சமும் அந்த மாத வட்டி 3,000-மும் முடிந்தன. இன்னும் 20,000 இருக்கிறது, அது அவசரத்துக்கு. இப்போது மாதம் போகவேண்டியது குழு 5,000, பைக் 2,600, மொத்தம் 7,600. இருப்பது 10,000. பள்ளம் மூடிவிட்டது. மிஞ்சும் 2,400-இல் 1,500 மச்சானுக்கு. வீட்டுச் செலவில் ஒரு ரூபாய் குறைக்காமல், ஒரு ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்காமல் நடந்த மாற்றம் இது.

தங்கம் ஏறும், விற்றால் திரும்ப வாங்கமுடியாது என்பார்கள். ஏறியிருக்கிறது, உண்மை. ஆனால் அந்த ஏற்றத்தை அனுபவிக்க நகை நம்மிடம் நிலைக்கவேண்டும். பக்கத்திலேயே 36-ம் 75-மாக வட்டி ஓடும்போது, அந்த நகை நம்முடையதாகக் கடைசிவரை இருக்குமா என்பதே கேள்வி. விற்க மனமே வரவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு: நகை விலை ஏறியிருப்பதால் அதே 4 பவுன் மேல் வங்கியில் கூடுதலாக 80,000 எடுத்து, மூணு வட்டி அசலைக் குறைப்பது. 36 விழுக்காட்டுக் கடன் பத்து விழுக்காட்டுக் கடனாக மாறினால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் மிச்சம். ஆனால் எடுத்த பணம் வேறு எதற்கும் போகாமல் நேராக வட்டிக்காரர் கைக்குப் போகவேண்டும். பாதி போய் பாதி செலவானால் இரண்டு கடன்தான் மிஞ்சும்.

நகை மனைவிக்குத் தாய் வீட்டில் போட்டது என்றால், சட்டப்படி அது அவருடைய சொத்து. முடிவும் அவருடையதாக இருக்கவேண்டும். ஏற்கெனவே பலமுறை கேட்காமலே அடகுக்குப் போன நகையாக இருக்கும் அது.

நகையே இல்லாத வீட்டில் மூணு வட்டிக்காரரிடம் பேசுவதுதான் வழி. "அண்ணே, மூணு வருஷமா வட்டி கட்டிட்டேன். இனி வட்டி வேணாம்ணே, மாசம் 4,000 அசல்ல கழிச்சுக்கங்க" என்று, ஊரில் இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டால் ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. வராத பணத்தைவிட மெதுவாக வரும் பணம் அவருக்கும் மேல். கொடுக்கிற ஒவ்வொரு முறையும் புரோநோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதி வாங்கவேண்டும், அல்லது வங்கிக் கணக்கு வழியாக அனுப்பவேண்டும். சாட்சி இல்லாமல் கையில் கொடுத்த பணம் சண்டை வரும் நாளில் கொடுக்காத பணமாகிவிடும்.

பயத்தின் அளவு

வரிசையை மாற்றுவது என்றால் யாரோ ஒருவருக்குச் சில மாதம் தாமதமாகும் என்று அர்த்தம். அவர் சத்தம் போடுவார். அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு பயப்படவேண்டும் என்பது தெரியாததால்தான் வரிசை மாறுவதே இல்லை.

கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. உண்மையிலேயே வழியில்லாத கடனாளியைச் சிறையில் அடைக்கமுடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பணக் கடனுக்கான தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யவே கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு. அதே சட்டத்தின் 60-வது பிரிவு, ஜப்தி செய்யக்கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது: உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை. நம் ஊரில் அது தாலி. டெய்லரின் தையல் மெஷினும் தாலியும் நீதிமன்றமே தொடக்கூடாதவை என்றால், வாசலில் நிற்பவர் எந்த உரிமையில் கேட்கிறார்?

எச்சரிக்கையாக இருக்கவேண்டியது வெற்றுக் காசோலை விஷயத்தில். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலை திரும்பினால், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அது குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. அந்த நோட்டீஸைப் பிரிக்காமல் வைப்பது பெரிய தவறு. நீதிமன்றச் சம்மனும் அப்படியே. போகாவிட்டால் நம் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனி ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டு அழைக்கக்கூடாது. நுண்நிதிக் கடனுக்கு இந்த நேரம் இன்னும் குறுகியது: காலை 9 முதல் மாலை 6 வரை. உறவினரிடமோ அலுவலகத்திலோ சொல்லி அவமானப்படுத்தக்கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். உதவி எண் 14448.

தனியார் வட்டிக்கு 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் தெருவில் புழங்கும் பெயர்களையே சட்டம் எடுத்துச் சொல்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அதில் அதிகம் பேசப்படாத ஒரு வசதி, நியாயமான வட்டியோடு பாக்கியைக் கடனாளி நேராக நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்தது என்று பதிவு செய்யக் கேட்கலாம் என்பது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க இன்னொரு சட்டத்தையும் 2025-இல் சட்டப்பேரவை நிறைவேற்றியது.

சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு மாண்டுபோனது. திரும்பத் திரும்ப மனு கொடுத்த குடும்பம் அது. அதனால் "சட்டம் இருக்கிறது, பயப்படாதே" என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மனுவின் நகலும் ரசீதும் கையில் இருக்கவேண்டும்; தனியாகப் போகாமல் வழக்கறிஞரோ மாதர் அமைப்போ உடன் வரவேண்டும். இரவில் தூக்கம் போய், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்குப் போனால் 14416-க்கு அழைத்தால் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. கடன் எவ்வளவானாலும் அதற்கு ஒரு நடைமுறை உண்டு.

அந்த நடைமுறையின் கடைசி எல்லைதான் ஊரில் "மஞ்சக் கடுதாசி" என்று கேலியாகச் சொல்லும் ஐ.பி., அதாவது நீதிமன்றத்தில் கொடுக்கும் திவால் மனு. சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் ஏழைக் கடனாளிகளுக்குப் புதுத் தொடக்கம் தரும் ஒரு பகுதி எழுதப்பட்டது. சாதாரணக் குடும்பங்களுக்கு அது நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. நாடாளுமன்றம் எழுதிய ஒரு நல்ல பக்கம் இத்தனை ஆண்டாகத் திறக்கப்படாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தவணையைச் சமாளிக்க முடியாதபோது அதற்கு முன் செய்யக்கூடியது, வங்கியிடம் எழுத்தில் தவணைக் காலத்தை நீட்டக் கேட்பது, அல்லது லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பது. "செட்டில்மென்ட்" என்று குறைத்துக் கட்டினால் கடன் முடியும், ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தச் சொல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அடுத்து வீட்டுக் கடன் வாங்கப்போகிறவர் யோசிக்கவேண்டியது அது. வாடகை கட்டவே திணறுகிறவருக்கு அது இப்போதைய கவலை இல்லை.

ஒரு கடன் முடிகிற நாளில் செய்யவேண்டிய வேலையும் உண்டு, அந்த நிம்மதியில் அது பெரும்பாலும் விட்டுப்போகும். புரோநோட்டு மூலத்தைக் கையில் வாங்கவேண்டும். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதி வாங்கவேண்டும். கொடுத்திருந்த வெற்றுக் காசோலைகளை எண்ணி வாங்கவேண்டும். தொலைந்துவிட்டது என்றால் அன்றைக்கே வங்கியில் அந்த எண்களுக்குப் பணம் நிறுத்தச் சொல்லவேண்டும். பைக் கடன் முடிந்தால் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்கவேண்டும். குழுக் கடன் அட்டையில் முடிந்தது என்ற முத்திரை. மூன்று மாதம் கழித்து, ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்து, அந்தக் கடன் மூடப்பட்டதாக இருக்கிறதா என்று சரிபார்க்கவேண்டும். இந்தத் தாள்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைக்கவேண்டும்.